கை ஓடுறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகளைப் படிச்சப்போ ஒண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சது. வீட்டுல ஆகட்டும் வேலை செய்யற இடத்துல ஆகட்டும், நிறைய விபத்து பெருசாகறதே முதல் அஞ்சு செகண்டுல நம்ம கை தானா என்ன பண்ணுதோ அதனாலதான். எண்ணெய் பத்திக்கிட்டா தண்ணி ஊத்தறோம், ஷாக் அடிச்சவரை ஓடிப்போய் இழுக்கறோம், தொட்டிக்குள்ள விழுந்தவரைத் தூக்க நாமளும் இறங்கிடறோம். எல்லாமே நல்ல மனசுலதான் செய்யறோம், ஆனா அந்த நல்ல மனசே உயிருக்கு உலை வச்சுடுது. அதனால இந்த வாட்டி அப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கேன்.

கேள்வி: சார், எங்க வீட்டுல மெயின் போர்டுல எம்சிபி எல்லாம் புதுசா மாத்திட்டோம். இனிமே யாருக்காவது ஷாக் அடிச்சா கரண்ட் தானா கட் ஆயிடும்தானே?

பதில்: ஆகாதுங்க. நிறைய பேரு இப்படித்தான் நம்பிட்டு இருக்காங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். எம்சிபி இருக்கறது வயரைக் காப்பாத்த, ஆளைக் காப்பாத்த இல்ல. லோடு அதிகமாகி வயர் சூடானாலோ ஷார்ட் ஆனாலோ அது விழும். உங்க லைட் சர்க்யூட்ல 6 ஆம்பியர் எம்சிபி இருக்குன்னு வச்சுக்கோங்க, அது 6000 மில்லி ஆம்பியர். மனுஷன் இதயத் துடிப்பு தாறுமாறா ஆகறதுக்கு 100 மில்லி ஆம்பியர் கூட வேண்டாம், 10, 20 மில்லி ஆம்பியர்லயே கை இறுகிப்போய் பிடிச்சதை விட முடியாம ஆயிடும். அப்போ ஒருத்தர் உடம்பு வழியா கரண்ட் போய்க்கிட்டே இருந்தாலும் எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்பு எரியற மாதிரிதான் தெரியும், அது பாட்டுக்கு சும்மா இருக்கும்.

ஆளைக் காப்பாத்தறதுக்குன்னு தனியா ஆர்சிசிபின்னு ஒண்ணு இருக்கு. போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா இருக்கான்னு அது பார்த்துட்டே இருக்கும், நடுவுல 30 மில்லி ஆம்பியர் வேற வழியா, அதாவது உங்க உடம்பு வழியா தரைக்குப் போச்சுன்னா ஒரு செகண்டுல மூணுல ஒரு பங்குக்குள்ள கட் பண்ணிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியரான்னு பார்த்து வாங்குங்க, 100, 300ன்னும் வருது, அதெல்லாம் ஆளைக் காப்பாத்த போதாது. அதுல டெஸ்ட்னு ஒரு சின்ன பட்டன் இருக்கும், மாசத்துக்கு ஒருதடவை அழுத்திப் பாருங்க, டப்புன்னு விழணும், விழலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுருங்க. இன்னொண்ணும் தெரிஞ்சு வச்சுக்கணும், ஒரே ஆள் ஒரு கையில பேஸ் (கரண்ட் வர்ற வயர்), இன்னொரு கையில நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்)னு ரெண்டையும் பிடிச்சா ஆர்சிசிபிக்கும் தெரியாது, ஏன்னா போனதெல்லாம் சரியா திரும்பி வந்துடுது. அதனால ஆர்சிசிபி இருக்குன்னு தைரியத்துல மெயினை ஆஃப் பண்ணாம வயர்ல கை வைக்கக் கூடாது.

கேள்வி: அப்படி ஷாக் அடிச்சு ஒருத்தர் ஒட்டிக்கிட்டே இருந்தா கட்டையால தட்டி விடணும்னு சொல்றாங்களே, சரியா?

பதில்: முதல்ல மெயின் ஸ்விட்ச், அதுக்கு அப்புறம்தான் கட்டை. ஸ்விட்ச் கிட்ட போக வழியே இல்லைன்னா மட்டும், நல்லா காஞ்ச மரக்கட்டையோ பிளாஸ்டிக் நாற்காலியோ எடுத்து, நீங்க ஈரமில்லாத இடத்துல நின்னுக்கிட்டு, வயரைத் தள்ளுங்க இல்லைன்னா அவரைத் தள்ளுங்க. வெறுங்கையால தொட்டுடாதீங்க. இது வீட்டு கரண்டுக்கு மட்டும்தான். தெருவுல அறுந்து விழுந்த லைன், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம்லாம் கட்டையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, குறைஞ்சது 10 மீட்டர் தள்ளி நின்னுக்கிட்டு மத்தவங்களையும் கிட்ட விடாம மின்வாரியத்துக்கு போன் போடுங்க, ஏன்னா அங்க தரையிலயே கரண்ட் பரவியிருக்கும்.

கரண்ட் கட் ஆனதும் அவர் மூச்சு விடறாரான்னு பாருங்க. விடலைன்னா ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டு நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு 5, 6 சென்டிமீட்டர் இறங்கற அளவுக்கு அழுத்துங்க, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. எழுந்து உக்காந்துட்டாரேன்னும் விட்டுடாதீங்க. மயக்கம் போட்டிருந்தாலோ, படபடப்பு இருந்தாலோ, தோல் கருகியிருந்தாலோ, கர்ப்பிணியா இருந்தாலோ கண்டிப்பா ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெளிய சின்னதா தெரியற கருகலுக்கு உள்ள தசை நிறைய வெந்திருக்கலாம்.

கேள்வி: பாத்ரூம் பளிச்சுன்னு ஆகணும்னு ப்ளீச்சையும் டாய்லெட் க்ளீனரையும் சேர்த்து ஊத்தினேன், ஒரே நெடி, கண்ணெல்லாம் எரிஞ்சு மூச்சு முட்டிடுச்சு. அப்புறம் சரியாயிடுச்சு. ஏன் அப்படி ஆச்சு?

பதில்: நல்லவேளை வெளிய வந்துட்டீங்கம்மா. டாய்லெட் க்ளீனர் பலதுல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கும், ப்ளீச்ல சோடியம் ஹைப்போகுளோரைட். ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். 1915ல முதல் உலகப் போர்ல, பெல்ஜியத்துல ஈப்ரே பக்கத்துல, சிப்பாய்ங்க மேல திறந்து விட்டாங்களே அதே குளோரின்தான். ஜன்னலைச் சாத்தின சின்ன பாத்ரூம்ல அது போக வழி இல்லாம உங்க மூக்குக்குத்தான் வரும். அதே மாதிரி அமோனியா கலந்த கண்ணாடி க்ளீனரோட ப்ளீச் சேர்ந்தாலும் வேற ஒரு விஷவாயு வரும். "ரெண்டும் சுத்தம் பண்றதுதானே, சேர்த்தா டபுளா வேலை செய்யும்"னு நினைக்கறது இயல்புதான், ஆனா ஒண்ணை ஊத்தி நல்லா தண்ணி விட்டு அலசாம இன்னொண்ணைத் தொடவே கூடாது. முடிஞ்சா அன்னிக்கு ஒண்ணு, இன்னொரு நாளைக்கு இன்னொண்ணு.

தெரியாம கலந்துட்டா, குனிஞ்சு தண்ணி ஊத்தி அலசலாம்னு அங்கயே நிக்காதீங்க, உடனே வெளிய வந்துடுங்க, வர்ற வழியில கைக்கு எட்டற ஜன்னல் இருந்தா திறந்து விடுங்க, அவ்வளவுதான். இருமலோ மூச்சுத் திணறலோ விடாம இருந்தா டாக்டர்கிட்ட போயே ஆகணும், நுரையீரல்ல நீர் கோர்க்கறது சில மணி நேரம் கழிச்சும் தெரிய வரலாம். கண்ணுல தெறிச்சிருந்தா குழாய்த் தண்ணியில இமையைத் திறந்து பிடிச்சுக்கிட்டு 20 நிமிஷம் கழுவணும், கழுவிட்டுத்தான் ஆஸ்பத்திரி.

கேள்வி: நான் ஒரு கட்டடத்துல மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். கழிவுநீர்த் தொட்டியில பம்ப் அடைச்சுக்கிச்சுன்னா பசங்களை இறக்கித்தான் எடுக்கச் சொல்றாங்க. மூடியை அரைமணி நேரம் திறந்து வச்சு, விளக்கை இறக்கிப் பார்த்துட்டு, மாஸ்க் போட்டு இறக்கினா போதுமா?

பதில்: தம்பி, தயவுசெஞ்சு இறக்காதீங்க. நீங்க சொன்ன மூணுமே பாதுகாப்பு இல்ல, மூணும் சேர்ந்து ஒரு பொய்யான தைரியம்தான் கொடுக்குது. விளக்கு எரியற அளவுக்கு ஆக்ஸிஜன் இருக்கற இடத்துலயும் ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற விஷவாயு ஆளைக் கொன்னுடும், மீத்தேன்கற எரியற வாயு தேங்கியிருந்தா அந்த விளக்கே தொட்டியை வெடிக்க வச்சுடும். துணி மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் தூசியைத்தான் பிடிக்கும், வாயு அதுல தாராளமா நுழையும், இல்லாத ஆக்ஸிஜனையும் அது கொண்டு வந்து கொடுக்காது. மூடியைத் திறந்து வச்சாலும் அடியில தேங்கின வாயு கலையாது, காலை வச்சு சகதியைக் கலக்கினதும் புதுசா குபுகுபுன்னு வரும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பத்தி ஒண்ணு எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கொஞ்சமா இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல 100 பங்கு) அளவுக்கு ஏறும்போது மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. உள்ள இருக்கறவர் "இப்போ நாத்தம் போயிடுச்சு"ன்னு சொன்னா காத்து சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அதுக்கு நேர்மாறாவும் இருக்கலாம். இன்னும் ஏறுச்சுன்னா ரெண்டு மூணு மூச்சுலயே சுருண்டு விழுந்துடுவார்.

மேல நிக்கறவர் அதைப் பார்த்துட்டு குதிச்சுடுவார், அவர் பின்னாடி இன்னொருத்தர். வேலை செய்யற இடத்துப் பாதுகாப்பை ஆராயற அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு 1986லயே ஒரு எச்சரிக்கை வெளியிட்டுச்சு, இந்த மாதிரி அடைபட்ட இடங்கள்ல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கும் மேல காப்பாத்தப் போனவங்கதான்னு. அண்ணனைத் தூக்க இறங்கின தம்பி, கூட வேலை செஞ்ச ஃப்ரெண்டு, இவங்கதான் அந்தக் கணக்குல இருக்கறவங்க. படிக்கும்போதே மனசு கனத்துப் போகுது.

முதல் வழி, ஆளே இறங்காம வேலையை முடிக்கறது. பம்ப்பை சங்கிலியோட மேல இழுக்கற மாதிரி பொருத்தலாம், உறிஞ்சற லாரி வரவைக்கலாம். நிர்வாகம் செலவுன்னு சொன்னா எழுத்துல கேளுங்க, எழுத்துலயே பதில் வாங்குங்க. ஆள் இறங்கியே ஆகணும்னா அதுக்குன்னு பயிற்சி எடுத்த டீம்தான் வரணும்: வாயு அளக்கற மீட்டரை கயித்துல இறக்கி மேல, நடு, அடின்னு பார்த்து, முதல்ல ஆக்ஸிஜன் (சாதாரண காத்துல 20.9 சதவீதம், 19.5க்குக் கீழ போனா யாரும் இறங்கக் கூடாது), அப்புறம் எரியற வாயு, அப்புறம் விஷவாயு, விடாம காத்து அடிக்கற ப்ளோயர், உடம்பு பூரா மாட்டற ஹார்னெஸ், மேல மூணு கால் ஸ்டாண்டும், அதுல கயித்தைச் சுத்தி ஆளைத் தூக்கற வின்ச்சும், கூடவே ஒரு ஆள் மேலயே நிக்கணும், அவரோட ஒரே வேலை என்ன நடந்தாலும் உள்ள இறங்காம வின்ச்சைச் சுத்தி இழுக்கறதும் ஆள் கூப்பிடறதும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அன்னிக்கு வேலை கிடையாது. "முடியாது"ன்னு சொல்ற அதிகாரம் சூப்பர்வைசருக்கு இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: வாணலியில எண்ணெய் தீப்பிடிச்சா என்ன செய்யணும்? ஈரத்துணி போடலாமா?

பதில்: தண்ணி மட்டும் ஊத்தவே கூடாது, சொட்டச் சொட்ட நனைஞ்ச துணியும் அதே கதைதான். தண்ணி எண்ணெயை விட கனம், அடியில இறங்கி அந்தச் சூட்டுல பட்டுன்னு ஆவியாகும், ஆவியானா சுமார் 1700 மடங்கு விரியும், மேல இருக்கற எரியற எண்ணெயை அப்படியே கூரைக்குத் தூக்கி அடிக்கும். அடுப்பை அணைங்க, முகத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு பக்கவாட்டுல இருந்து ஒரு பெரிய மூடியையோ தட்டையோ தள்ளி மூடுங்க, நல்லா ஆறற வரைக்கும் திறந்து பார்க்காதீங்க. தூக்கிட்டு வெளிய ஓடலாம்னு நினைக்காதீங்க, அப்போதான் கை கால்ல கொட்டிக்கறாங்க. வாணலியைத் தாண்டி தீ பரவிடுச்சுன்னா வீட்டுல இருக்கறவங்களைக் கூட்டிட்டு கதவைச் சாத்திட்டு வெளிய வந்து தீயணைப்புக்கு போன் பண்ணுங்க.

கேள்வி: சுட்டுக்கிட்டா டூத்பேஸ்ட் தடவறது, ஐஸ் வைக்கறது, இதுல எது நல்லது?

பதில்: ரெண்டும் வேண்டாம். பேஸ்ட் சூட்டை உள்ளயே பூட்டி வச்சுடும், டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது வலி தனி. ஐஸ் வெந்த தோலை இன்னும் கெடுக்கும். குழாய்த் தண்ணி, ஓடற தண்ணி, முழுசா 20 நிமிஷம், கடிகாரம் பார்த்து. எல்லாரும் ரெண்டு நிமிஷத்துல கையை எடுத்துடறாங்க, எரிச்சல் குறைஞ்சாலும் உள்ள சூடு இறங்கியிருக்காது. வீங்கறதுக்குள்ள மோதிரம் வளையல் கழட்டிடுங்க, ஒட்டிக்கிட்ட துணியை மட்டும் பிய்க்காதீங்க, கொப்புளத்தை உடைக்காதீங்க, சமையலறையில மூடி வைக்கற பிளாஸ்டிக் கவர் சுத்தமானது இருந்தா மேல லேசா போர்த்துங்க, சுத்திக் கட்டாதீங்க. காயம் பட்டவரோட கை அளவை விட பெருசா இருந்தாலோ, முகம், கை, மூட்டுல பட்டாலோ, குழந்தைன்னாலோ, கரண்ட், ஆசிட்னாலோ யோசிக்காம ஆஸ்பத்திரி.

கேள்வி: ராத்திரி எழுந்தப்போ கேஸ் வாசனை வந்தா முதல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுடணுமா?

பதில்: ஃபேன் மட்டும் இல்ல, எந்த ஸ்விட்சும் போடக்கூடாது, ஏற்கனவே எரியற லைட்டை அணைக்கவும் கூடாது, ஸ்விட்சுக்குள்ள வர்ற ஒரு சின்னப் பொறி போதும். இருட்டுல எழுந்ததும் கை முதல்ல லைட் ஸ்விட்சுக்குத்தான் போகும், அதனாலதான் அழுத்திச் சொல்றேன். சிலிண்டர் கேஸ் காத்தை விட ஒன்றரை ரெண்டு மடங்கு கனம், தரையோட தரையா தேங்கி நிக்கும், அதனால ஜன்னலை விட கதவைத் திறக்கறது முக்கியம். கிட்ட போக முடிஞ்சா ரெகுலேட்டரை மூடுங்க, எல்லாரையும் எழுப்பி வெளிய கூட்டிட்டு வந்து அப்புறம் போன் பண்ணுங்க. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பணும்னா கதவைத் தட்டுங்க, காலிங் பெல் அழுத்தாதீங்க.

கேள்வி: பிரிண்டிங் பிரஸ்ல வேலை பார்க்கறேன் சார். பேப்பர் மாட்டிக்கிட்டா எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்திட்டு கையை விட்டு எடுக்கறோம். மெயினை ஆஃப் பண்ணினா திரும்ப ஸ்டார்ட் பண்ண நேரமாகுதுன்னு திட்டறாங்க.

பதில்: எமர்ஜென்சி ஸ்டாப் மெஷினை நிறுத்தும், ஆனா கரண்ட் அங்கயே காத்துக்கிட்டு இருக்கும். நீங்க உள்ள குனிஞ்சிருக்கறது தெரியாம அந்தப் பக்கம் இருக்கறவர் ஸ்டாப்பை விடுவிச்சு ஸ்டார்ட் பட்டனைத் தட்டிட்டார்னா முடிஞ்சது கதை. உள்ள கை போகுதுன்னா ஐசொலேட்டரை, அதாவது மெஷினுக்கு வர்ற கரண்ட்டையே துண்டிக்கற ஸ்விட்சை இறக்கி அதுல உங்க சொந்தப் பூட்டைப் போட்டு சாவியை உங்க பாக்கெட்லயே வச்சுக்கணும், மேல உங்க பேர் எழுதின அட்டை தொங்கணும். மூணு பேர் வேலை செஞ்சா மூணு பூட்டு, ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் கழட்டக்கூடாது. பூட்டின பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்க, நிஜமாவே ஓடலையான்னு, ஏன்னா தப்பான ஸ்விட்சைப் பூட்டிட்டு உள்ள போனவங்களும் உண்டு. காத்து பிரஷர், இழுத்து நிக்கற ஸ்பிரிங், மேல தூக்கி நிறுத்தின பாகம் இதெல்லாமும் கரண்ட் இல்லாமயே அசையும், பிரஷரை இறக்கிட்டு, தூக்கி நிக்கறதுக்கு முட்டுக் கொடுத்துட்டு அப்புறம் கை வைங்க. சுத்தற ரோலர் பக்கம் கையுறை போடாதீங்க, நுனி மாட்டினா கையைச் சேர்த்து இழுத்துக்கும். நேரமாகுதுன்னு திட்டறவங்க கிட்ட, விரல் போனா எவ்வளவு நேரம் மெஷின் நிக்கும்னு மரியாதையாவே கேளுங்க.

கேள்வி: தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சிருந்த தின்னரை குழந்தை ஒரு வாய் குடிச்சுடுச்சுன்னு பக்கத்து வீட்டுல உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வச்சாங்க. அக்கறையோட செஞ்சதா இருந்தாலும் அது சரியா?

பதில்: அக்கறைதான், ஆனா ரொம்ப ஆபத்து. தின்னர், மண்ணெண்ணெய், பெட்ரோல் இதெல்லாம் வயித்துல இருக்கறதை விட நுரையீரலுக்குள்ள போறதுதான் பயங்கரம், வாந்தி எடுக்கும்போதுதான் அது நடக்கும். ஆசிட்னா தொண்டையை இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது இன்னொரு தடவை வேக வச்சுடும். வாந்தி எடுக்க வைக்காம, அந்த பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. குடிக்கற பாட்டில்ல குடிக்கக் கூடாததை எப்பவுமே ஊத்தாதீங்க, லேபிள் ஒட்டினாலும் குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. ரிமோட்ல, பொம்மையில வர்ற வட்ட பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலும் அப்படியே, காத்திருக்கக் கூடாது, உணவுக்குழாய்ல மாட்டினா ரெண்டு மணி நேரத்துலயே ஓட்டை போடற அளவுக்கு அரிச்சுடும்.

கேள்வி: மூக்குல ரத்தம் வந்தா தலையை அண்ணாந்து வைக்கணுமா?

பதில்: வேண்டாம், ரத்தம் தொண்டைக்குள்ள போயிடும். முன்னாடி குனிஞ்சு மூக்கோட மெத்துன்னு இருக்கற பகுதியை 10, 15 நிமிஷம் விடாம பிடிச்சுக்கிட்டு வாயால மூச்சு விடுங்க. அரைமணி நேரமாகியும் நிக்கலைன்னா டாக்டர்.

கேள்வி: நீங்க சொல்றதெல்லாம் படிக்கும்போது புரியுது சார், பதட்டத்துல இதெல்லாம் ஞாபகம் வருமா?

பதில்: படிச்சது மட்டும்னா வராதும்மா, கை பழகியிருந்தா வரும். ஒரு நாள் சாயந்திரம் வீட்டுல எல்லாரையும் மெயின் போர்டு முன்னாடி நிக்க வைங்க, எந்த ஸ்விட்ச் எதுக்குன்னு தடிமனா எழுதி ஒட்டுங்க, பாட்டி முதல் பள்ளிக்கூடம் போற பையன் வரைக்கும் ஒவ்வொருத்தரும் மெயினை ஒருதடவை அவங்க கையால இறக்கிப் பார்க்கட்டும், எட்டலைன்னா ஒரு ஸ்டூலை அங்கயே போட்டு வைங்க. அடுப்பை அணைச்சுட்டு ரெகுலேட்டரை கண்ணை மூடிக்கிட்டு தடவி மூடச் சொல்லுங்க, எந்தப் பக்கம் திருகணும்னு விரலுக்குத் தெரியணும். வாணலிக்குப் பொருந்தற மூடி எதுன்னு இப்பவே எடுத்து, அடுப்புக்கு மேல இல்லாம பக்கத்துல, சட்டுன்னு கைக்கு வர்ற இடத்துல மாட்டுங்க. வேலை செய்யற இடத்துலன்னா தீயணைப்பான் எங்க இருக்கு, முள் பச்சையில நிக்குதா, அதை மறைச்சு யாராவது அட்டைப்பெட்டி அடுக்கியிருக்காங்களான்னு பாருங்க. இருந்தா அந்தப் பெட்டியை நீங்களே நகர்த்திடுங்க.